உப்புப் பார்க்காத கொய்த்தியாவ்

மாமா இறந்த எட்டாம் நாள், அவருக்கு உயிரான கொய்த்தியாவ் நூடுல்ஸை அம்மா தன் கையாலேயே பிரட்டிக் கொடுத்தாள். மாமா இறந்தது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய பலகை வீட்டில், அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அப்பா. அப்பாவுக்கோ பொய் சொல்ல வராது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. மலேசியாவில், தைப்பிங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அம்மாதான். "அவன்தான் என் மூத்த பிள்ளை, நீ ரெண்டாவது" என்று என்னிடமே சொல்லுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. கலியாணமாகிக் கிள்ளானுக்குப் போனபோதும் சரி, பிறகு அப்பாவுக்கு இங்கே கராஜில் மெக்கானிக் வேலை கிடைத்து விமானம் ஏறியபோதும் சரி, தகப்பனைப் பிரிகிறோமே என்று அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தம்பியைக் கட்டிக்கொண்டு அழுததுதான் மிச்சம் என்று அப்பா கேலி செய்வார்.

எண்பதுகளின் நடுவில் அது நடந்தது. எனக்கு எட்டு வயது. அம்மா ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். அதற்கு முந்தின ஆண்டு ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அம்மா, பின்னி வைத்திருந்த கம்பளிச் சட்டையை அலமாரியில் வைக்கவும் மனமில்லாமல், எடுத்துப் போடவும் மனமில்லாமல் தலையணைக்கு அடியிலேயே வெகு நாள் வைத்திருந்தாள். அதனால் இந்தப் பிள்ளை வயிற்றில் வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம், மெதுவாகக் கதவைச் சாத்தினோம்.

இந்த நிலையில்தான் தைப்பிங்கிலிருந்து அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, கராஜுக்குப் போன் செய்திருக்கிறார். மாமாவின் லாரி மழையில் சறுக்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வழக்கம் இல்லாவிட்டாலும் அப்பா சொல்லியிருக்க மாட்டார். பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிய வீடு கழுவின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்பா அந்த வாரம் சொன்ன எதுவும் எதோடும் பொருந்தவில்லை. முதலில் டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, மழையில் லைன் கெட்டுப்போய்விட்டது என்றார். அந்த வாரம் மழையே இல்லை. மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர், வயிறு சரியில்லை என்று தயிர்ச் சோறாகச் சாப்பிட்டார். வயிறு சரியில்லாதவர் அப்படி மூன்று தட்டுச் சாப்பிட மாட்டார். "லைன் பண்ணிட்டாங்களா?" என்று அம்மா தினமும் கேட்பாள். "இந்த ஊர்ல எல்லாம் மெதுவாத்தான் லா வருவாங்க" என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்பா தயிர்ச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

எட்டாம் நாள் சனிக்கிழமையாக வந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. மாமாவுக்குப் பிடித்ததென்றால் அது கொய்த்தியாவ்தான். அரிசி மாவில் செய்த பட்டையான சீன நூடுல்ஸ். இறால், முட்டை, முளைகட்டிய பயறு, கெராங் என்கிற சின்னச் சிப்பி எல்லாம் போட்டு, குவாலிச் சட்டியில் பெரு நெருப்பில் பிரட்டுவார்கள். சீனர்கள் கொண்டுவந்த சாப்பாடுதான், ஆனாலும் ஒவ்வோர் ஊரும் அதைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. பினாங்கில் காய்ந்து, புகை மணத்தோடு இருக்கும். அம்மாவின் தைப்பிங்கில் கொஞ்சம் ஈரமாக, லேசான இனிப்போடு இருக்கும். அப்பாவின் கிள்ளானில் கிச்சாப் என்கிற கறுப்புச் சோயாச் சாற்றை ஊற்றி மை போலாக்கிவிடுவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அம்மா செய்யும்போதெல்லாம், "இது சாக்கடையில விழுந்து எழுந்திரிச்ச கொய்த்தியாவ்" என்று அப்பா மூக்கைப் பிடித்துக்கொள்வார். இங்கே வந்த பிறகு அம்மா அதைச் செய்வதையே விட்டுவிட்டாள். அதனால் நான் அதைச் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. எனக்குத் தெரிந்த சீன நூடுல்ஸ், டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடைக்கு அடுத்த கடையில் மீனும் சிப்ஸும் பொரிக்கிறவர்கள் கொடுக்கும் சௌமீன். முட்டைக்கோசும் கேரட்டும் நிறையப் போட்டு, மேலே மொறுமொறுவென்று எதையோ தூவித் தருவார்கள். பக்கத்து வீட்டு சமோவாக்காரர்கள் கண்ணாடி நூடுல்ஸில் மாட்டிறைச்சி போட்டு ஒன்று செய்வார்கள். அதுவும் சீனச் சாப்பாடுதான் என்று அவர்கள் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள்.

அம்மாவின் கொய்த்தியாவை அப்படிக் கேலி செய்த அப்பா, வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் வராததுமாக, "நாளைக்கு உன் தம்பி சாப்பிடுற மாதிரி கொய்த்தியாவ் பண்ணித் தர்றியா?" என்று கேட்டார்.

அம்மா கண்ணை அகல விரித்தாள். "சாக்கடையில விழுந்ததா?"

"எனக்கில்ல. கராஜுல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. தைப்பிங் சீனரு. தனியா இருக்காரு. நாக்கு செத்துப்போச்சுங்கிறாரு, பாவம்."

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தைப்பிங்கில் எந்தப் பக்கம், மார்க்கெட் பக்கமா, ஏரிப் பக்கமா, அவர் பெயர் என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அம்மா அப்போதே பச்சைப்பயறு முளைத்திருக்கிறதா என்று ஈரத் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். வேறெதற்கோ ஊற வைத்திருந்தது நல்லவேளையாக முளைவிட்டிருந்தது.

காலையில் அப்பா பாயிண்ட் செவ் கடற்கரைக்குப் போய், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் மணலைக் கிளறி ஒரு வாளிச் சிப்பி கொண்டுவந்தார். அப்பா இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போகிறவர் அல்ல. அம்மா அதை உப்புத் தண்ணீரில் போட்டு மணலைக் கக்க வைத்தாள். கெராங் மாதிரி உள்ளே சிவப்பாக இல்லையே என்று ஒரு குறை. குச்சாய்க் கீரைக்குப் பதில் வெங்காயத் தாள். டவுனில் சீனர் கடையில் எப்போதோ வாங்கி வைத்த காய்ந்த கொய்த்தியாவைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டாள். ஊரில் சீனர்கள் பன்றிக் கொழுப்பில் பிரட்டுவார்கள், அம்மா கோழித் தோலை உருக்கி எடுத்தாள். இறால் உரிக்கிற வேலை எனக்கு. ஐஸிலிருந்து எடுத்த இறால், விரலெல்லாம் விறைத்துவிட்டது.

வேலை செய்துகொண்டே அம்மா மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிற சாயங்காலங்களில், பாக்கு மட்டையில் கட்டின ஒரே பொட்டலத்தை வாங்கிவந்து, அக்காளும் தம்பியும் இரண்டு பக்கத்திலிருந்தும் சாப்பிட்டுக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொள்வார்களாம். நடுவில் இருக்கும் கெராங்கை மாமா முதலிலேயே எடுத்துத் தின்றுவிடுவாராம். "திருட்டுப் பய" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எதையோ எடுப்பதுபோல் கூடத்துக்குப் போனார், திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

எங்கள் கரண்டு அடுப்பின் சுருள் கம்பி சிவக்கவே அரை யுகம் ஆகும். "இந்த அடுப்புக்குக் கோபமே வராது. கோபம் வராத அடுப்புல கொய்த்தியாவ் பண்ண முடியுமா?" என்று அம்மா அதைத் திட்டிக்கொண்டே பூண்டைப் போட்டாள், மிளகாய் விழுதைப் போட்டாள். நானும் அப்பாவும் இருமினோம். இறால் சுருண்டது. கொய்த்தியாவ் கிச்சாப்பில் புரண்டு பழுப்பானது. முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில், எப்போதும் செய்கிறதுபோல, அகப்பை நுனியால் ஒரு துண்டை எடுத்து இடது உள்ளங்கையில் போட்டு, உப்புப் பார்க்க வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வாயில வைக்காத!"

அப்பா போட்ட சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். அந்த வீட்டில் பல மாதமாக யாரும் அப்படிக் கத்தியதில்லை. அம்மாவின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அப்பாவுக்கே தன் சத்தம் பயமாகப் போயிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "உப்பு... டாக்டர் உனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காருல்ல" என்றார்.

படையலுக்குச் சமைப்பதை உப்புப் பார்க்கக் கூடாது. செத்தவர் சாப்பிடுவதற்கு முன்னால் அது யார் நாக்கிலும் படக் கூடாது. எனக்கு இது அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? சிறுவயதிலேயே தன் தாய்க்குப் படைத்தவள் அவள்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அடுப்பில் கொய்த்தியாவ் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அம்மா உள்ளங்கையில் இருந்ததைத் தொட்டியில் போட்டுக் கையைக் கழுவினாள். மெதுவாகத்தான் கழுவினாள், இரண்டு தடவை. பிறகு, "இது சரியா வரலங்க. இதை நாம சாப்பிடுவோம். அவருக்கு வேற பண்றேன்" என்றாள்.

"அதெல்லாம் வேணாம், இதே போதும்."

"இருங்க. இருந்து கொண்டு போங்க."

குவாலியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து மறுபடியும் அடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை அடுப்பைத் திட்டவில்லை. மாமா கதையும் சொல்லவில்லை. இறாலில் பெரிது பெரிதாகப் பார்த்து எடுத்தாள். ஒரு முட்டைக்கு இரண்டு முட்டை. மிச்சமிருந்த சிப்பி அத்தனையையும் போட்டு, கெராங்கைச் செய்கிறதுபோலப் பாதி வெந்ததும் இறக்கிவிட்டாள். "உப்பு பாக்கலியாம்மா?" என்று நான்தான் கேட்டேன். "கைக்குத் தெரியும்" என்றாள். நாங்கள் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற புதுத் தூக்கில் அதைப் போட்டு மூடி, அப்பாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரையும் பாட்டிலில் தண்ணீரையும் எடுத்து வந்தாள்.

"தண்ணியும் எடுத்துட்டுப் போங்க. அவரு உறைப்பு சாப்பிட்டா நிறையத் தண்ணி குடிப்பாரு."

அப்பா சரியென்று வாங்கிக்கொண்டார். தான் பார்த்தே இராத ஒரு சீனர் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நானும் காரில் ஏறிக்கொண்டேன். அப்பா யார் வீட்டுக்கும் போகவில்லை. நேராகக் காலையில் போன அதே கடற்கரைக்குப் போனார். ஜூலை மாதக் காற்று காதை அறுத்தது. ஆள் இல்லை. அப்பா ஒரு பாறைக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துக் கல் வைத்தார். தூக்கைத் திறந்து கொய்த்தியாவை அதில் பரப்பினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். காரிலிருந்து ஒரு ஸ்டவுட் பீர் பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திறந்து அதையும் பக்கத்தில் வைத்தார். கற்பூரத்தைப் பற்றவைக்கப் பார்த்தார், காற்று விடவில்லை. குனிந்து உடம்பால் மறைத்துக்கொண்டு ஒரு வழியாகப் பற்றவைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி வந்து நின்று, கடலைப் பார்த்து, "வாப்பா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டார்.

கடற்புறாக்களைக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவையும் வந்தன. முதலில் ஒன்று வந்து, பக்கவாட்டில் நடந்து பார்த்து, ஒரு இறாலைக் கொத்தியது. அப்புறம் ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. விரல் விறைக்க நான் உரித்த இறால்! எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த அங்கிள் எங்கப்பா? ஏன் பறவைக்குப் போடறீங்க?" என்று கத்தினேன்.

"அவரு ஊருல இல்லம்மா" என்றார் அப்பா. முகத்தைக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நல்ல சாப்பாடு வீணாகப் போனதற்கு அவரும் அழுகிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. திரும்பும்போது காரில், "அம்மாகிட்டப் பறவைக்குப் போட்டதைச் சொல்லாதடா. கஷ்டப்பட்டுப் பண்ணா, மனசு தாங்காது. அவரு சாப்பிட்டாருன்னு சொல்லு" என்றார். சரியென்றேன். அம்மாவின் மனசு தாங்காது என்று சொன்னால் அந்த நாட்களில் நான் எதற்கும் சரியென்பேன்.

வீட்டுக்குப் பின்னால், தோட்டத்துக்கு இறங்கும் மரப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா."

"நல்லா சாப்பிட்டாரா? மிச்சம் வச்சாரா?"

"ஒண்ணும் வைக்கல. எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாரு."

"சிப்பி?"

"அதத்தான் முதல்ல சாப்பிட்டாரு" என்று அடித்துவிட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னதில் எனக்கே பெருமை. அப்பாவைவிட எனக்குப் பொய் நன்றாக வருகிறது. அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய வயிறு என் முழங்கையில் ஒரு தடவை உதைத்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய், அந்தக் குளிரில், வெறும் தண்ணீரில் தலை முழுகினாள்.

"இந்த நேரத்துல, இந்தக் குளிருல எதுக்குத் தலைக்கு ஊத்துன?" என்று அப்பா பதறினார்.

"தலையெல்லாம் எண்ணெய் வாடைங்க" என்றாள்.

அப்பா நம்பினார். ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதலில் செய்த கொய்த்தியாவை அம்மா சுட வைத்து எங்களுக்குப் போட்டாள். இனிப்பும் உறைப்பும் புகையும் கலந்த அந்த மாதிரிச் சாப்பாட்டை நான் அன்றுதான் சாப்பிட்டேன். சௌமீனெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. அப்பா கேலி செய்யவில்லை, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவும் உட்கார்ந்து ஒரு தட்டு முழுவதையும் சாப்பிட்டாள். அடிப்பிடித்ததைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு அம்மா எப்போதும்போல இருந்தாள். எப்போதும்போல என்றால், அதைவிட ஒரு பங்கு அதிகமாகச் சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், டாக்டர் சொன்ன மாத்திரையெல்லாம் போட்டுக்கொண்டாள். டெலிபோன் லைன் சரியாகிவிட்டதா என்று மட்டும் அப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. அப்பா அதைக் கவனித்தாரோ என்னவோ, இரண்டொரு தடவை தானாகவே, "இன்னும் வரல பாரு, சோம்பேறிங்க" என்று யாரையோ திட்டினார். "மெதுவா வரட்டும்" என்றாள் அம்மா.

செப்டம்பர் கடைசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். கொழுகொழுவென்று, அழுதால் தெருமுனை டெய்ரிவரை கேட்கும். முப்பதாம் நாள் வீடு கழுவி, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, அவன் தூங்கின பிறகு, அப்பா அம்மாவை அடுப்படி மேசைக்குக் கூப்பிட்டார். காலையிலிருந்தே அவர் தனக்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார். நான் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "உன் தம்பி..." என்று ஆரம்பித்தார். டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். மறுபடியும் செருமிக்கொண்டு, "ஊருல உன் தம்பிக்கு..." என்றார்.

"ரொம்ப வலிச்சுச்சாங்க அவனுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல, இல்ல" என்று அப்பா அவசரமாக அவள் கையைப் பிடித்தார். "உடனே போயிருச்சாம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதாம்."

அம்மா மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அதுவரை கேட்டிராத அழுகை. பக்கத்து வீட்டுச் சமோவா அம்மா ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டாள். தம்பி விழித்து அவனும் அழுதான். அப்பா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, பிள்ளைக்காகத்தான் மறைத்தேன், பிள்ளைக்காகத்தான் மறைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா செத்துப்போனார் என்பதை அப்பா இன்னும் சொல்லவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்பாவுக்கும்தான்.